மாஸன் எழுதிய மில்டன் வரலாறு, ஆறு தொகுதி மறுபதிப்பு: காசு கொடுப்பதற்கு முன்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் பற்றி டேவிட் மாஸன் எழுதிய 'ஜான் மில்டனின் வாழ்க்கை' ஆறு தொகுதிகளையும், ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் ஒரு நிறுவனத்திடம் வாங்கினேன். மொத்தம் 170 பவுண்டு. எடின்பரோவில் எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்ந்தது. எழுதிய மனிதருக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அச்சடித்தவர்களுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் பெட்டியை ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள் என்பதற்காக.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பழைய புத்தகங்களின் ஸ்கேன் கோப்பை எடுத்து இதேபோல அச்சடித்து விற்பவர்கள் நிறையப் பேர். உள்ளே ஒரே கோப்பு, அட்டையில் மட்டும் வேறு வேறு படம். எனக்கு வந்ததில் பனி மூடிய மலையும் அதன் கீழே ஒரு ஏரியும். மில்டன் பிறந்தது லண்டன் நகரத்து பிரெட் ஸ்ட்ரீட்டில், சந்தடியின் நடுவே. ஏரிக்கு அங்கே என்ன வேலை என்று அட்டை போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், குறை சொல்வது ஏன் என்று புரியும். வேலை பார்த்த காலம் முழுவதும் அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்தவள். புத்தகம் கைக்கு வந்தால் முதலில் முதுகைப் பார்ப்பேன், பிறகு மார்ஜின், பிறகு அடிக்குறிப்பு. கதை அப்புறம்தான். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்த மருமகள், "அத்தை, இத்தனையும் ஒரே ஆளைப் பத்தியா?" என்று கேட்டாள். ஒரே ஆளைப் பற்றித்தான், ஆனால் அவருடைய காலத்தில் இருந்த எல்லாரையும் பற்றியும்தான் என்றேன். தலைப்பே அதைச் சொல்லிவிடும்: மில்டனின் வாழ்க்கை, அவர் காலத்து அரசியல், திருச்சபை, இலக்கிய வரலாறுகளோடு சேர்த்துச் சொன்னது. இதில் 'சேர்த்து' என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் எழுதியவரைப் பற்றி. அவரைத் தெரியாமல் இந்தப் புத்தகத்தை வாங்குவதில் அர்த்தமில்லை.

மாஸன் 1822 டிசம்பரில் அபர்டீனில் பிறந்தார். அப்பா கல் கொத்துபவர். அபர்டீன் முழுக்கக் கருங்கல் கட்டடங்கள்தான் என்பதால் அந்த ஊரில் அது மதிப்பான கைத்தொழில். பையன் அங்கேயே மார்ஷல் கல்லூரியில் படித்துவிட்டு எடின்பரோவுக்கு வந்து, தாமஸ் சால்மர்ஸிடம் இறையியல் படித்தார். போதகராகப் போயிருக்க வேண்டியவர். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்தது. ஒரு சபைக்குப் போதகரை நியமிப்பது யார், நிலக்கிழாரா, சபை மக்களா என்ற சண்டை முற்றிப்போய், சால்மர்ஸ் தலைமையில் நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வீடு, சம்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையைத் தொடங்கினார்கள். அந்தத் தரப்புக்காக அபர்டீனில் நடந்த 'பேனர்' என்ற பத்திரிகைக்கு மாஸன் ஆசிரியர் ஆனார். வயது இருபதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு பிரசங்க மேடைப் பக்கமே போகவில்லை. எடின்பரோவில் சேம்பர்ஸ் பதிப்பகத்துக்கு எழுதினார். 1847இல் லண்டன் போனார். எழுத்தாளர் கார்லைல் வீட்டுக்குப் போய்வரும் பழக்கம் ஏற்பட்டது. இத்தாலிய விடுதலைக்குப் போராடிய மாத்சினியின் தரப்புக்கு ஆதரவு தேடிய சங்கத்தில் செயலாளராக இருந்தார். 1853 முதல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். 1859இல் 'மாக்மில்லன்ஸ் மேகசின்' தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர். 1865இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் அழைத்தது. 18ஆம் நூற்றாண்டில் ஹியூ பிளேர் முதலில் அமர்ந்த இலக்கியப் பேராசிரியர் நாற்காலியில் 1895 வரை, முப்பது வருஷம், மாஸன் இருந்தார்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் மில்டன். முதல் தொகுதி 1859இல் வந்தது, ஆசிரியருக்கு 36 வயது. இரண்டாவது வர 1871 ஆகிவிட்டது. மூன்றாவது 1873. நான்காவதும் ஐந்தாவதும் அடுத்தடுத்து. ஆறாவது 1880இல். நாற்பதுகளைப் பத்திரிகைக்கும் வகுப்புக்கும் கொடுத்துவிட்டு, ஐம்பதுகளில் உட்கார்ந்து மீதியை முடித்திருக்கிறார்.

சரி, மறுபதிப்புக்கு வருகிறேன்.

தாள் மோசமில்லை. கொஞ்சம் மங்கிய வெள்ளை, கண்ணை உறுத்தாது. கட்டுதான் வம்பு. தையலே கிடையாது. தாள்களை அடுக்கி, முதுகை அறுத்து, பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பருமனான புத்தகத்துக்கு இந்தக் கட்டு தாங்காது. இரண்டாம் தொகுதியை மேஜைமேல் விரித்து வைத்தேன், 'பட்' என்று ஒரு சத்தம். நடுவில் முதுகு மடிந்து, அந்த இடத்துப் பக்கங்கள் கையோடு வரத் தயாராக நின்றன. விரிக்காமல் பிடித்துப் படிக்கலாம் என்றால் உள்மார்ஜின் இல்லை. ஸ்கேன் எடுத்தபோது முதுகுப் பக்கம் வளைந்திருந்த வரிகளின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டன. வலது பக்கத்தில் ஒவ்வொரு வரியின் தலையையும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

முதல் தொகுதியில் மில்டனைப் பத்து வயதுப் பையனாகக் காட்டும் உருவப்படம் இருக்க வேண்டும். மூலப் பதிப்பில் நேர்த்தியான செதுக்கோவியம் அது. குட்டையாக வெட்டிய முடி, சரிகைக் கழுத்துப்பட்டி, வயசுக்கு மீறிய முகம். மறுபதிப்பில் ஒரு கறுப்புக் கட்டம் வந்திருக்கிறது, ஓரத்தில் காதாக இருக்கக்கூடிய ஒரு வெளுப்பு. நான்காம் தொகுதியில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் ஸ்கேன் எடுத்தவரின் கட்டைவிரல், ரப்பர் உறையோடு. அந்த விரலுக்குக் கீழே அடிக்குறிப்பின் நான்கு வரிகள்.

விரலைக்கூட மன்னித்துவிடுவேன், அடிக்குறிப்பை மறைத்ததைத்தான் முடியாது. மாஸனின் புத்தகத்தில் பாதி உயிர் அடிக்குறிப்பில் இருக்கிறது. மேலே நிதானமாகக் கதை சொல்லிக்கொண்டே வருவார். கீழே பொடி எழுத்தில் ஆவணத்தை வைத்து வழக்காடுவார். கேம்பிரிட்ஜில் மில்டனை அவருடைய ஆசிரியர் சாப்பல் அடித்தார் என்று ஒரு பழைய கதை உண்டு. பிரபலங்களைப் பற்றிக் குறிப்பு சேர்த்துவைத்த ஜான் ஆப்ரி என்ற 17ஆம் நூற்றாண்டுக்காரர் தன் குறிப்பில் போகிற போக்கில் எழுதிவைத்தது. வேறு யாராவது இருந்தால் அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் பொய் என்று தள்ளியிருப்பார்கள். மாஸன் இரண்டையும் செய்யவில்லை. ஆப்ரிக்கு யார் சொல்லியிருக்க முடியும், கல்லூரியை விட்டு மில்டன் எப்போது வீட்டுக்குப் போயிருந்தார், திரும்பி வந்து டோவி என்ற வேறு ஆசிரியரிடம் மாறியது எதைக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கி, எவ்வளவு தூரம் நம்பலாமோ அவ்வளவு தூரம் நம்பச் சொல்கிறார். இப்படிப்பட்டவரின் எழுத்தில் பொடி எழுத்து மங்கிப்போனால் சாட்சி இல்லாத வழக்குதான் மிஞ்சும். மூலப் பதிப்பின் பக்கத்தைவிட இந்தப் பக்கம் சிறியது. அதனால் எழுத்தும் சுருங்கி, அடிக்குறிப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. எனக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிடலாம்தான். மருமகளிடம் கொடுத்துப் பார்த்தேன், அவளுக்கும் முடியவில்லை.

இன்னொரு கோளாறு, இது வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. மாஸன் 1881இல் முதல் தொகுதியைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். இடையில் கிடைத்த தகவல்களைச் சேர்த்த பதிப்பு அது. எனக்கு வந்த முதல் தொகுதி 1859ஆம் வருஷத்துப் பழையது. விற்பவரின் பக்கத்தில் எந்தப் பதிப்பு என்று ஒரு வரி இல்லை. தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், அதற்குள் காசு போயிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பொருளடைவு இல்லை. மாஸன் ஆறு தொகுதிகளுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு பொருளடைவுத் தொகுதி கொண்டுவந்தார். 1894இல், அதாவது ஆறாம் தொகுதி வந்து பதினான்கு வருஷம் கழித்து. அப்போது அவருக்கு வயது 71. அதுவும் சேர்ந்தால்தான் இது முழு நூல். 'முழுத் தொகுப்பு' என்று போட்டு ஆறை மட்டும் விற்கிறார்கள். தொழில் தெரிந்த யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்துபோகும் நூலில் பொருளடைவு இல்லையென்றால், சரக்கெல்லாம் உள்ளே இருந்தும் விளக்கு இல்லாத கிடங்கில் துழாவுகிற கதைதான்.

எவ்வளவு பெயர்கள் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். முதல் தொகுதியில் மில்டன் பிறந்த தெருவுக்கே ஒரு அத்தியாயம். அப்பா ஸ்கிரிவனர், பத்திரம் எழுதிப் பணம் கொடுக்கல் வாங்கல் பார்ப்பவர். அந்தக் காலத்தில் வீட்டு எண் கிடையாது, பலகைதான் முகவரி. இவர்கள் வீட்டுப் பலகையில் சிறகு விரித்த கழுகு. அந்தப் பலகையில் தொடங்கித் தெரு நெடுக நடக்கவைக்கிறார் மாஸன். 1666 தீ விபத்தில் அந்தத் தெருவே எரிந்துபோனது, ஆகவே பதிவேட்டிலிருந்தும் பழைய வரைபடத்திலிருந்தும்தான் அவர் அதைத் திரும்பக் கட்டியிருக்கிறார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் தள்ளிப் போனால் 1632ஆம் வருஷம் பிரிட்டனில் யார் யார் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு நீண்ட கணக்கெடுப்பு வரும். மில்டன் கேம்பிரிட்ஜை விட்டு வெளியே வருகிற வருஷம் அது. அவர் எந்தக் கூட்டத்துக்குள் நுழைகிறார் என்று காட்டுவதற்காக முழுக் கூட்டத்தையும் வரிசையில் நிறுத்திவிட்டார். இரண்டாம் தொகுதியின் கடைசியில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சீரமைக்க 1643 ஜூலையில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையின் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார். மில்டன் அந்தப் பேரவையில் உறுப்பினரே இல்லை.

இதற்காக அவரைக் கிண்டல் செய்தவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. அமெரிக்காவின் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல் 1872இல் ஒரு நீண்ட விமர்சனம் எழுதினார். தன் வாழ்க்கை வரலாற்றிலேயே மில்டன் ஒரு துணைச் சம்பவமாகிவிட்டார் என்பது அவர் வாதம். படித்தால் சிரிப்பு வரும், நியாயமும் இருக்கிறது. எத்தனையோ பக்கங்களுக்கு மில்டன் தலையே காட்டமாட்டார். ஸ்காட்லாந்துப் படை எல்லை தாண்டும், பாராளுமன்றம் கூடும், பிஷப்புகள் சிறைக்குப் போவார்கள், அப்புறம் ஒரு பத்தியின் ஓரத்தில் மில்டன் பள்ளிப் பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் நான் லோவெல் பக்கம் இல்லை. மில்டனைப் பற்றிச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளப் பிற்காலத்தில் எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. கவிதைகளைப் பற்றிய பேச்சுக்கும் இங்கே வரத் தேவையில்லை, அந்தப் பகுதிகளில் மாஸன் கொஞ்சம் பழசாகிவிட்டார். இந்த ஆறு தொகுதிகள் இன்றைக்கும் நிற்பது அந்தத் திசைமாறல்களால்தான்.

மூன்றாம் தொகுதியைப் பாருங்கள். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். பாராளுமன்றத்துக்கு ஸ்காட்லாந்தின் படை தேவை, ஸ்காட்லாந்துக்குத் தன் பிரெஸ்பிட்டேரியன் ஆட்சிமுறை, அதாவது பிஷப் இல்லாமல் 'பிரெஸ்பிட்டர்' என்ற மூப்பர்களின் சபைகள் நடத்தும் முறை, இங்கிலாந்துத் திருச்சபையிலும் வர வேண்டும். அதற்காக லண்டனுக்கு வந்தவர்களில் அலெக்ஸாண்டர் ஹெண்டர்சன், சாமுவேல் ரதர்ஃபோர்ட், ஜார்ஜ் கில்லெஸ்பி, ராபர்ட் பெய்லி ஆகிய போதகர்கள் உண்டு. பெய்லி ஊருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பேரவையில் யார் எவ்வளவு நேரம் பேசினார், யார் கேட்கவில்லை, எவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது என்று அலுத்துக்கொள்ளும் கடிதங்கள். மாஸன் அந்தக் கடிதங்களை எடுத்து எடுத்துக் கொடுக்கிறார். அதே நேரத்தில் மில்டன் மணவிலக்கை ஆதரித்துத் துண்டுப்பிரசுரம் எழுதி, அதே போதகர்களிடம் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறார். 1644இல் அச்சுக்கு முன்தணிக்கை கூடாது என்று 'ஏரியோபாஜிட்டிகா'. புதிய பிரெஸ்பிட்டர்களும் பழைய குருமார்களும் ஒன்றேதான் என்று ஒரு கவிதையில் போட்டு உடைத்தவரும் இவர்தான்.

இதை எழுதுகிற மாஸன் யார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நான்கு போதகர்களின் திருச்சபையில் வளர்ந்து, அதற்காகவே இறையியல் படித்து, 1843 உடைவில் அதன் பத்திரிகையை நடத்தியவர். தன் சொந்த ஆட்களை மில்டன் திட்டுவதைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. மில்டனுக்காகப் போதகர்களைக் கோமாளியாக்கவில்லை, போதகர்களுக்காக மில்டனைக் கண்டிக்கவும் இல்லை. பெய்லியின் குரல் அவ்வளவு உயிரோடு கேட்பதற்குக் காரணம், அந்த மொழியையும் அந்தப் பிடிவாதத்தையும் மாஸன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலேயர் ஒருவர் இந்தத் தொகுதியை இப்படி எழுதியிருக்க முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்து தூசி தட்டிய பேராசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். 'பீட்டர் பான்' எழுதிய ஜே. எம். பேரி எடின்பரோவில் இவருடைய மாணவர். 1889இல் தன் பேராசிரியர்களைப் பற்றியும் வேறு சிலரைப் பற்றியும் எழுதிய சிறு நூலில் மாஸனுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். டேனியர்கள் இங்கிலாந்துக்குள் ஆணி இறங்குவதுபோல இறங்கினார்கள் என்று வகுப்பில் சொல்லும்போது, மாஸனுக்கு மேஜையே இங்கிலாந்தாகிவிடுமாம். கையில் இல்லாத சுத்தியலை ஓங்கி 'டம்' என்று அடிப்பாராம். நல்ல உவமை ஒன்று மாட்டாமல் தவிக்கும்போது பக்கத்தில் இருந்த கேஸ் விளக்கின் தாங்கியைப் பிடித்து இழுப்பாராம். பையன்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் தாங்கி கையோடு வந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருப்பார்கள். அது ஆடும், முனகும், அப்புறம் வாக்கியம் வந்துவிடும், எல்லாரும் மூச்சு விடுவார்கள். ஆறு தொகுதியைப் படிக்கும்போது சில பத்திகளில் அந்தத் தாங்கி ஆடுவது எனக்கும் கேட்டது. ஒரே வாக்கியத்தை மூன்று தடவை மூன்று விதமாகச் சொல்லி, நான்காவதில் பிடித்துவிடுவார்.

பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலத்தில், 1868 முதல் எடின்பரோ மகளிர் கல்விச் சங்கத்துக்காகத் தன் பாடத்தை அவர்களுக்குத் தனியாக நடத்தினார். மருத்துவம் படிக்க வந்து சேற்றடி பட்ட சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் முதலான பெண்களுக்காகப் பல்கலைக்கழகத்துக்குள் வாதாடியவர்களில் ஒருவர். எடின்பரோவில் முதல் பெண்கள் பட்டம் வாங்கியது 1893இல்தான். மாணவிகள் தங்குவதற்கு 1897இல் ஜார்ஜ் ஸ்கொயரில் திறந்த விடுதிக்கு இவர் பெயரையே வைத்தார்கள். மகள்களில் ஃப்ளோரா செவிலியர், ரோசலின் எழுத்தாளர். இதற்கிடையே ஹாத்தார்ண்டன் ட்ரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரைப் பற்றி 1873இல் ஒரு நூல், 1874இல் மில்டனின் கவிதைகளுக்கு மூன்று தொகுதிப் பதிப்பு, கட்டுரையாளர் டி குவின்சியின் எழுத்துகளைப் பதினான்கு தொகுதியாகப் பதிப்பித்தது, ஸ்காட்லாந்தின் பிரிவி கவுன்சில் என்ற அரச ஆலோசனைச் சபையின் பதிவேடுகளை வரிசையாகப் பதிப்பித்தது. 1893இல் ஸ்காட்லாந்தின் அரச வரலாற்றாசிரியர் பதவி. 1907இல் இறந்தார்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றி. இரண்டாம் தொகுதியில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், அளவுக்குப் பக்கங்கள் இரண்டு முறை வந்து, அடுத்து வரவேண்டியவை காணோம். எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. மன்னிப்பு, மாற்றுப் பிரதி உடனே, பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நல்ல சேவைதான் என்று நினைத்தேன். மாற்றுப் பிரதி வந்தது, அதே பக்கங்கள் இரண்டு முறை, அதே பக்கங்கள் காணோம். வராமல் என்ன செய்யும்? அச்சகத்தில் பாரம் மாறிப்போனால் அந்த ஒரு பிரதியோடு போயிற்று, பக்கத்துப் பிரதி சரியாக இருக்கும். இங்கே கோப்பே அப்படி. உலகத்தில் யார் வாங்கினாலும் அந்த ஓட்டை அதே இடத்தில் வரும். இதை எழுதி விளக்கினேன். அதற்கும் மன்னிப்பு வந்தது, அந்த ஒரு தொகுதியின் காசும் வந்தது. கோப்பைத் திருத்துவோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பின்னட்டையில் பொடி எழுத்தில் 'பழைய நூல் என்பதால் குறைகள் இருக்கலாம்' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். பழைய நூலில் குறை இல்லை. பக்கம் எண்ணிப் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்காததுதான் குறை.

அப்படியானால் இதை எப்படிப் படிப்பது?

இலவசமாகவே முடியும். ஆறு தொகுதிகளும் பொருளடைவும் இணைய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன, ஒன்றுக்கு மேற்பட்ட நூலகப் பிரதிகளிலிருந்து. ஒன்றில் பக்கம் விட்டுப்போயிருந்தால் இன்னொன்றில் பார்த்துக்கொள்ளலாம், பெரிதாக்கி அடிக்குறிப்பைப் படிக்கலாம். காசு கொடுத்து வாங்கியதைவிட ஓசியில் கிடைப்பது மேல் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிலைமை அதுதான். தேடுபொறியை மட்டும் நம்பாதீர்கள். கணினி படித்த எழுத்தில் பெயர்கள் கண்டபடி சிதைந்திருக்கும், 1894 பொருளடைவைத் தனி ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடின்பரோவில் இருப்பவர்கள் ஜார்ஜ் IV பாலத்தில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்குப் போகலாம். வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும். வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள், வாசக அறையில்தான் படிக்க வேண்டும். தையல் போட்ட பழைய பிரதி மேஜைமேல் தட்டையாக விரிந்து கிடக்கும், கையால் அழுத்த வேண்டாம். அந்தப் பத்து வயதுப் பையனின் முகத்தை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது அங்கேதான்.

சொந்தமாக வேண்டும் என்பவர்கள் பழைய புத்தகக் கடைகளில் உதிரித் தொகுதிகளைத் தேடுங்கள். ஆறாம் தொகுதியை வெஸ்ட் போர்ட் பக்கம் ஒரு கடையில் 12 பவுண்டுக்கு எடுத்தேன். ஏதோ கல்லூரி நூலகத்திலிருந்து கழித்துவிட்ட பிரதி, முத்திரை குத்தியிருக்கிறது, முதுகுத் துணி கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தையல் அசையவில்லை. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகு மில்டன் ஒளிந்திருந்தது, பார்வை போன நிலையில் மற்றவர்களை வைத்து எழுதவைத்தது, 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்துக்காக 1667இல் அச்சகக்காரர் சாமுவேல் சிம்மன்ஸோடு போட்ட ஒப்பந்தம் எல்லாம் இதில் வரும். கையில் 5 பவுண்டு, 1300 பிரதி விற்றால் இன்னொரு 5. தொழில்காரர்கள் அந்த ஒப்பந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

ஆறும் தேவையில்லை, மாஸனை ருசி பார்த்தால் போதும் என்றால் முதல் தொகுதியின் 1881 திருத்தப் பதிப்பும் மூன்றாம் தொகுதியும் போதும். ஆளைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அவர் இறந்த மறுவருஷம் மகள் ஃப்ளோரா ஒழுங்குபடுத்தி வெளியிட்ட லண்டன் நினைவுகள் சிறிய புத்தகம், ஓட்டமாகப் படிக்கலாம். மறுபதிப்பு வாங்கியே தீருவேன் என்பவர்கள் விற்பவருக்கு எழுதி மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் தொகுதி எந்த வருஷத்துப் பதிப்பு, 1894 பொருளடைவு உண்டா, தைத்த கட்டா ஒட்டிய கட்டா. நான் கேட்ட இன்னொரு நிறுவனத்திலிருந்து இதுவரை பதில் வரவில்லை.